அப்பாவோட ஸ்பிளெண்டருக்கு வீட்டு வாசல்லயே கேம் ஷாஃப்ட் மாத்தினேன்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டு இருந்தது. எங்க அப்பாகிட்ட 2003 மாடல் ஸ்பிளெண்டர் ஒண்ணு இருக்கு. ரிட்டையர் ஆகற வரைக்கும் முடிச்சூர்ல இருந்து கிண்டிக்கு தினமும் அதுலதான் போய்ட்டு வந்தார், என்னை ஸ்கூலுக்கு விட்டது, தங்கச்சிய ட்யூஷனுக்குக் கூட்டிட்டுப் போனது, 2015 டிசம்பர் வெள்ளத்துல ரெண்டு நாள் ஹேண்டில் பார் வரைக்கும் தண்ணில நின்னது எல்லாம் அதே வண்டிதான். அதனால விக்கலாம்ங்கற பேச்சே எங்க வீட்ல வராது. போன வருஷம் அந்த வண்டி எஞ்சின் மேல்பக்கத்துல இருந்து டக் டக்னு அடிக்க ஆரம்பிச்சப்ப அது என்னன்னு தேடிப் போய் கடைசில நானே கேம் ஷாஃப்ட் (சுத்திச் சுத்தி எஞ்சின் வால்வைத் திறக்க வெக்கற தண்டு) மாத்தற வரைக்கும் போய் நின்னுச்சு. நான் மெக்கானிக் கிடையாது, ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். ஆயில் மாத்தத் தெரியும், டாப்பெட் (வால்வு மேல விடற சின்ன இடைவெளி) அட்ஜஸ்ட் பண்ணத் தெரியும், பிளக் கழட்டி கிளீன் பண்ணத் தெரியும், அவ்ளோதான். அதே மாதிரி யாராவது இருந்தா அவங்களுக்குத்தான் இதை எழுதறேன்.

முதல்ல சத்தம். டாப்பெட் சத்தமும் கேம் தேஞ்ச சத்தமும் ஆரம்பத்துல ஒரே மாதிரிதான் இருக்கும், ரெண்டும் எஞ்சின் வேகத்துல பாதி வேகத்துலதான் அடிக்கும், ஏன்னா கிராங்க் (பிஸ்டன் சுத்தி விடற முக்கியத் தண்டு) ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்துதான் சுத்தும். எங்க ஏரியா ஒர்க்‌ஷாப்ல குடுத்தோம், டாப்பெட் லூஸா இருக்குன்னு சொல்லி டைட் பண்ணிக் குடுத்தாங்க, சத்தம் போச்சு, அப்பாவுக்கு சந்தோஷம். முந்நூறு கிலோமீட்டர் கூட ஓடல, மறுபடியும் அதே சத்தம். திரும்பக் குடுத்தோம் திரும்ப டைட் பண்ணாங்க. மூணாவது தடவையும் அப்படியே. மூணு தடவையும் யாரும் ஏன் இது மறுபடி மறுபடி லூஸ் ஆகுதுன்னு யோசிக்கல, எனக்கு அதுலதான் வருத்தம். நல்ல எஞ்சின்ல லாக் நட்டு ஒழுங்கா டைட்டா இருந்தா டாப்பெட் கேப் சும்மா இவ்ளோ சீக்கிரம் அதிகமாகாது, ஆகுதுன்னா உள்ள ஏதோ தேஞ்சிட்டே இருக்குன்னு அர்த்தம். இதை மட்டும் நான் முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருந்தா ரெண்டு மாசம் மிச்சம்.

அதுக்கப்புறம் இழுவை குறைய ஆரம்பிச்சுது. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது முன்னாடி மூணாவது கியர்ல போற வண்டி ரெண்டாவதுக்கு இறங்கிடும், பின்னாடி அம்மா உக்காந்திருந்தா இன்னும் மோசம். மைலேஜும் அடி வாங்குச்சு. கார்புரேட்டர் கிளீன் பண்ணாங்க, பிளக் மாத்தினாங்க, ஏர் ஃபில்டர் மாத்தினாங்க. ஒண்ணும் ஆகல.

ஒரு ஞாயித்துக்கிழமை நானே உக்காந்து பாத்தேன். இது யார் வேணா செய்யலாம், பத்து நிமிஷ வேலை. பிளக்கைக் கழட்டிடுங்க, டாப்பெட் மூடி ரெண்டையும் திறங்க, மேல இருக்கறது இன்லெட், கீழ இருக்கறது எக்ஸாஸ்ட். வண்டிய சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு டாப் கியர்ல வெச்சு பின் வீலை கையால மெதுவா முன்னாடி சுத்தினா எஞ்சின் சுத்தும், அப்ப டார்ச் அடிச்சு ரெண்டு ராக்கரும் (கேம் தள்ள, வால்வை அமுக்கற சின்ன நெம்புகோல்) வால்வை எவ்ளோ தூரம் அமுக்குதுன்னு பாருங்க. எங்க வண்டில இன்லெட் நல்லா அமுங்குச்சு, எக்ஸாஸ்ட் கண்ணுக்கே தெரியற அளவுக்குக் கம்மியா அமுங்குச்சு. எரிஞ்ச புகை முழுசா வெளிய போகலன்னா புதுக் காத்து எப்படி உள்ள வரும், வண்டி எப்படி இழுக்கும். வால்வை எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம் திறக்கணும்னு முடிவு பண்றதே கேம்ல புடைச்சிட்டு இருக்கற மூக்குதான். அந்த மூக்கு தேஞ்சா கார்புரேட்டர்ல என்ன பண்ணாலும் பிரயோஜனம் இல்ல.

ஒர்க்‌ஷாப்ல போய் சொன்னா எஞ்சினையே இறக்கணும், ஹெட் (வால்வும் கேமும் உக்காந்திருக்கற பாகம்) முழுசா மாத்திடலாம், ஒரு வாரம் ஆகும்னு சொன்னாங்க. அந்த எஞ்சின் சிலிண்டர் படுத்த மாதிரி முன்னாடி நீட்டிட்டு இருக்கற டைப், ஹோண்டா சூப்பர் கப் வம்சம், 97.2 சிசி. இந்த டைப்ல ஒரு பெரிய வசதி என்னன்னா கேமை வெளிய எடுக்க எஞ்சினை இறக்கவே வேணாம், ஹெட்டைக் கூட தூக்க வேணாம், இடதுபக்க வட்ட மூடியக் கழட்டினா கேம் ஸ்ப்ராக்கெட் (கேமைச் சுத்தற பல் சக்கரம்) தெரியும், அந்த வழியாவே கேமை உருவிடலாம். ஹெட்ல வால்வு உக்கார்ற சீட்டு, அது போய் வர்ற கைடு எல்லாம் கெட்டுப் போயிருந்தா வேற விஷயம், அதை கம்ப்ரஷன் பாத்துத்தான் சொல்லணும். எங்க வண்டில கிக்கர் அடிச்சா நல்லா எதிர்த்து நிக்கும், புகையும் இல்ல. அப்புறம் எதுக்கு முழு ஹெட்?

அப்பாகிட்ட நானே பண்றேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "கழட்டினா மாட்டத் தெரியுமாடா"ன்னு மட்டும் கேட்டார். தெரியும்பான்னு சொன்னேன், ஆனா அந்த வாரம் முழுக்க ராத்திரி ராத்திரி சர்வீஸ் மேனுவல் படிச்சுட்டுத்தான் தூங்கினேன். மேனுவல் படிக்காம தொடாதீங்க, வீடியோ மட்டும் பாத்துட்டு இறங்காதீங்க, வீடியோல கையால மறைச்சிட்டுப் பண்ற இடம்தான் எப்பவுமே முக்கியமான இடமா இருக்கும்.

சாமான் வாங்க ஜிபி ரோடு போனேன். கேம் ஷாஃப்ட் பேரிங்கோட, ராக்கர் ரெண்டு, ராக்கர் ஷாஃப்ட் ரெண்டு, சைடு கவர் கேஸ்கெட், டாப்பெட் மூடி ஓ ரிங் ரெண்டு, கிளட்ச் கவர் கேஸ்கெட், ஒரு லிட்டர் 10டபிள்யூ30 ஆயில் ரெண்டு டப்பா. ரெண்டு டப்பா ஏன்னு பின்னாடி சொல்றேன். எல்லாம் சேத்து ரெண்டாயிரத்து சொச்சம் ஆச்சு. கடைல கேம் மட்டும் போதுமா சார்னு கேட்டாங்க, ராக்கர் பழசு நல்லாத்தானே இருக்கும்னாங்க. வேணாம், ரெண்டும் சேத்துத்தான் மாத்தணும். தேஞ்ச கேமோட பல வருஷம் உரசின ராக்கர் முகத்துல பள்ளம் விழுந்திருக்கும், புதுக் கேமை அதுமேல ஓட விட்டா அந்தப் பள்ளத்தோட விளிம்பு புதுசையும் சீக்கிரமே தின்னுடும். அதே கடைல பாதி விலைக்கு டூப்ளிகேட் கேமும் காட்டினாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நகத்தால தடவிப் பாத்தேன், டூப்ளிகேட்ல லோப் (மூக்கு இருக்கற அந்தப் புடைப்பு) மேல கடைசல் கோடு நகத்துல தட்டுச்சு, ஒரிஜினல் கண்ணாடி மாதிரி வழுக்குச்சு. மேல இருக்கற அந்த கெட்டியான தோல்தான் கேமோட உயிரு, அது போச்சுன்னா உள்ள இருக்கறது கடகடன்னு தேஞ்சிடும். இந்த ஒரு சாமான்ல காசு பாக்காதீங்க.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டிய நல்லா கழுவினேன், ஹெட்டு பக்கம் மண்ணெண்ணெய் பிரஷ் போட்டு தேச்சு துடைச்சேன். இது அழகுக்கு இல்ல, மூடியத் திறக்கும்போது பல வருஷ மண்ணு உள்ள விழக்கூடாதுன்னு. ராத்திரி முழுக்க ஆற விட்டேன். டாப்பெட் அளவு எஞ்சின் முழுசா ஆறியிருக்கும்போதுதான் வெக்கணும், சூட்டோட வெச்சா தப்பா வரும்.

ஞாயிறு காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சேன். பழைய ஆயிலை வடிச்சேன். அது வடியறப்பவே மனசு கஷ்டமா இருந்துச்சு, கருப்பா தார் மாதிரி, அளந்து பாத்தா அரை லிட்டர் கூட வரல. கிட்டத்தட்ட ஒரு லிட்டர் இருக்க வேண்டிய எஞ்சின். அப்பா ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் வண்டிய யாரு பாத்துக்கறதுங்கறது யாருக்குமே சொந்தமில்லாம போயிருந்துச்சு, அவர் நான் பாத்துக்கறேன்னு நெனச்சார், நான் அவர் பாத்துக்கறார்னு நெனச்சேன், ஆயில் டிப் ஸ்டிக்கை ஒரு வருஷத்துக்கு மேல யாரும் வெளிய எடுக்கல. அதுக்கு நான்தான் பொறுப்பு, வண்டி மேல ஒரு குறையும் இல்ல. இந்த எஞ்சின்ல ஆயில் பம்ப் கீழ இருக்கு, கேம் மேல இருக்கு, ஆயில் குறைஞ்சா முதல்ல காயறது மேல இருக்கற கேமும் ராக்கரும்தான். அதுவும் எவ்ளோ வேகத்துல உரசுதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க, எஞ்சின் 5000 ஆர்பிஎம்ல போனா கேம் நிமிஷத்துக்கு 2500 சுத்து, அதாவது ஒவ்வொரு லோப்பும் செகண்டுக்கு நாப்பது தடவைக்கு மேல ராக்கரைத் தேச்சுட்டுப் போகுது, நடுவுல இருக்கறது முடி அளவு கூட இல்லாத ஒரு ஆயில் படலம் மட்டும்தான்.

சரி வேலைக்கு வரேன். கியர் லிவரைக் கழட்டி இடதுபக்க மேக்னெட் (கிராங்க் நுனில சுத்தற காந்தச் சக்கரம்) கவரை எடுத்தேன். கவர் ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இல்ல, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைல கவர் படத்தை வரைஞ்சு எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சோ அங்கயே குத்தி வெச்சேன். நீள ஸ்க்ரூவை குட்டி ஓட்டைல போட்டு முறுக்கினா கேஸே விரிசல் விடும், குட்டி ஸ்க்ரூவை நீள ஓட்டைல போட்டா ரெண்டு மரைல மட்டும் பிடிச்சு மரை போயிடும். ஹெட்டோட இடதுபக்க வட்ட மூடிக்கு வலப்பக்கத்துல இருந்து ஒரு நீள போல்ட் வருது, அதைக் கழட்டி மூடிய ரப்பர் சுத்தியால லேசா தட்டினா வந்துடும். திருப்புளிய நடுவுல விட்டு நெம்பாதீங்க, அலுமினியம் முகம் கீறினா அப்புறம் ஆயில் கசிவு நிக்கவே நிக்காது.

இப்பதான் முக்கியமான கட்டம். மேக்னெட்ல டி மார்க் ஒண்ணு இருக்கும், கேம் ஸ்ப்ராக்கெட்ல ஓ மார்க் ஒண்ணு இருக்கும். மேக்னெட் நட்டுல ஸ்பேனர் போட்டு இடஞ்சுழியா சுத்தணும், இடதுபக்கம் நின்னு பாத்தா எஞ்சின் ஓடற திசை அதுதான். டி மார்க் கேஸ் மேல இருக்கற கோட்டுக்கு நேரா வரும்போது ஸ்ப்ராக்கெட்டோட ஓ மார்க் ஹெட்ல இருக்கற வெட்டுக்கு நேரா வரணும். நிறைய பேர் தடுமாறற இடம் இது, டி மார்க் ஒவ்வொரு சுத்துக்கும் வரும், ஆனா ஓ மார்க் ரெண்டு சுத்துக்கு ஒருதடவைதான் வரும். ஓ மார்க் தெரியலன்னா மேக்னெட்டை இன்னொரு முழு சுத்து சுத்துங்க. ரெண்டும் சேந்து வந்தப்ப ராக்கர் ரெண்டையும் கையால ஆட்டிப் பாத்தா லேசா ஆடும், அதுதான் கம்ப்ரஷன் டிடிசி, அதாவது பிஸ்டன் அமுக்கி முடிச்சு உச்சில நிக்கற நிலை, வால்வு ரெண்டும் மூடியிருக்கு, கேம் மேல எந்த அழுத்தமும் இல்ல. கழட்ட வேண்டிய நேரம் அது ஒண்ணுதான்.

மார்க் இருந்தாலும் நான் இன்னொண்ணும் பண்ணேன். தங்கச்சியோட வெள்ளை நெயில் பாலிஷ் வாங்கி, கிராங்க்ல இருந்து கேமைச் சுத்தற டைமிங் செயின்ல ஒரு லிங்க்லயும் அதுக்கு நேரா ஸ்ப்ராக்கெட் பல்லுலயும் ஒரு பொட்டு, மேக்னெட்லயும் கேஸ்லயும் ஒரு பொட்டு வெச்சேன். அப்புறம் நாலு பக்கத்துல இருந்தும் போட்டோ. அந்த பொட்டுதான் பின்னாடி என்னைக் காப்பாத்துச்சு.

டாப்பெட் ஸ்க்ரூ ரெண்டையும் நல்லா லூஸ் பண்ணிட்டு, ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகளைக் கழட்டணும். அதுக்கு முன்னாடி செயினை ஒரு மெல்லிசு கம்பியால பின்னலா கோத்து ஹேண்டில் பார்ல கட்டிட்டேன், ஏன்னா ஸ்ப்ராக்கெட்டை எடுத்ததும் செயின் உள்ள போயிடும். செயின் போற குகை வழியா எது விழுந்தாலும் நேரா கீழ மேக்னெட்டுக்குப் பின்னாடி போயிடும், அதனால துணி அடைச்சிட்டுத்தான் போல்ட்டைத் தொடணும். நானும் அடைச்சேன், முதல் போல்ட் ஒழுங்கா வந்துச்சு, அடுத்ததைக் கழட்டும்போது துணி நகந்திருக்கு, கவனிக்கல. போல்ட் ஸ்பேனர் வாயில இருந்து நழுவி டிங்னு ஒரு சத்தம், அவ்ளோதான்.

அந்த சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன். கை எல்லாம் வேர்த்துடுச்சு. அப்பா உள்ள இருந்து எட்டிப் பாத்தார், ஒண்ணும் கேக்கல, ஒரு டம்ளர் காபி கொண்டு வந்து பக்கத்துல வெச்சுட்டுப் போனார். அந்த நேரத்துல செய்யக்கூடாத ரெண்டு விஷயம், ஒண்ணு கிராங்கைச் சுத்தக்கூடாது, சுத்தினா போல்ட் செயினுக்கும் பல்லுக்கும் நடுவுல மாட்டி கேஸையே உடைக்கும். ரெண்டாவது கம்பிய விட்டுக் குத்தக்கூடாது, இன்னும் உள்ள தள்ளிடும். ஹார்டுவேர் கடைல நீட்டி மடக்கற காந்தக் குச்சி விக்கும், நூறு ரூபா கூட இருக்காது, அதை வாங்கிட்டு வந்து டார்ச்சை ஒரு கைல பிடிச்சுட்டு வளைச்சு வளைச்சுத் தேடினேன், ஒன்றரை மணி நேரம் ஆச்சு. போல்ட் ஒட்டிட்டு மேல வந்தப்ப அதைத் துடைச்சு பாக்கெட்ல போட்டுட்டு பத்து நிமிஷம் சும்மா உக்காந்துட்டேன். அந்தக் காந்தக் குச்சிய வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்கோங்க. துணியையும் சும்மா சொருகாம, ஒரு நூல் கட்டி நூலோட மறுமுனைய வெளிய கட்டி வெச்சு அடைங்க, அப்பதான் துணி நகராது, எடுக்கவும் மறக்காது.

ஸ்ப்ராக்கெட் வந்ததும் கேமை லேசா இப்படி அப்படி திருப்பி ராக்கர்ல இடிக்காத நிலைக்குக் கொண்டு வந்து உருவினேன், பேரிங்கோட வந்துச்சு. ராக்கர் ஷாஃப்ட் நுனில மரை இருக்கு, அதுல ஒரு 8 மில்லி போல்ட்டை நாலு மரை ஏத்திட்டு இழுத்தா ஷாஃப்ட் வழுக்கிட்டு வந்துடும், இதுக்குன்னு தனி டூல் தேவை இல்ல.

கேமை வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். இன்லெட் லோப் பரவால்ல, ஒரு மெல்லிசு கோடு. எக்ஸாஸ்ட் லோப் மூக்குல தோல் உரிஞ்ச மாதிரி பொடிப் பொடியா குழி, முனை மழுங்கிப் போய், பக்கத்துல புதுக் கேமை வெச்சு வெர்னியர்ல அளந்தா ஒரு மில்லிக்குக் கொஞ்சம் கம்மியா தேஞ்சிருக்கு. ராக்கர் முகத்துல நகம் மாட்டற அளவுக்கு பள்ளம். அப்பாகிட்ட காட்டினேன். கைல வாங்கி விரலால தடவிட்டே இருந்தார். "இருபது வருஷம் உழைச்சிருக்கு"ன்னார்.

இங்க நிறைய பேர் புதுசை உள்ள போட்டு மூடிடுவாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. அந்த ஒரு மில்லி இரும்பு எங்க போச்சு? பொடியா ஆயில்லதான் கலந்திருக்கும். ஸ்பிளெண்டர்ல கார்ல இருக்கற மாதிரி பேப்பர் ஆயில் ஃபில்டர் கிடையாது, வலப்பக்க கிளட்ச் கவருக்குள்ள கீழ ஒரு வலை இருக்கு, கிளட்ச் மேலயே சுத்தற வேகத்துல அழுக்கை ஓரத்துல ஒதுக்கற ஒரு டப்பா மாதிரி ஃபில்டர் இருக்கு. நான் கிக்கரைக் கழட்டி அந்தக் கவரையும் திறந்தேன், அதான் கிளட்ச் கவர் கேஸ்கெட் வாங்கினது. அந்த டப்பா மூடியோட ஸ்க்ரூ சாதா திருப்புளிக்கு அசையாது, தலை வழுக்கிடும், இம்பாக்ட் திருப்புளி வெச்சு சுத்தியால ஒரு அடி அடிச்சாதான் விடும். உள்ள களிமண்ணு மாதிரி சாம்பல் கலர்ல ஓரம் பூரா அப்பியிருந்துச்சு, விரல்ல எடுத்துத் தேச்சா மினுமினுன்னு இரும்புப் பொடி. வலையும் பாதி அடைஞ்சிருந்துச்சு. மேல ஏன் ஆயில் ஒழுங்கா போகலங்கறதுக்கு அங்கயும் ஒரு பதில் இருந்துச்சு. கம்மி ஆயில், அதுவும் அடைபட்ட வலை வழியா. ரெண்டையும் பெட்ரோல்ல கழுவி, பனியன் வேஸ்ட்ல துடைச்சா நூல் ஒட்டும்னு சுத்தமான காட்டன் துணில துடைச்சு மாட்டினேன். இதைப் பண்ணாம விட்டிருந்தா புதுக் கேமும் அதே வழிலதான் போயிருக்கும்.

மதியம் சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து மாட்ட ஆரம்பிச்சேன். புது ராக்கர், ஷாஃப்ட், எல்லாத்தையும் ஆயில்ல முக்கி எடுத்து மாட்டினேன். கேம் லோப்புக்கும் ராக்கர் முகத்துக்கும் மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்த கிரீஸ்) மெல்லிசா பூசினேன், வண்டி முதல்ல ஸ்டார்ட் ஆகற அந்த சில செகண்ட் ஆயில் மேல வர்ற வரைக்கும் அந்தப் பூச்சுதான் தாங்கணும். காஞ்ச கேமை உள்ள போட்டா முதல் நிமிஷத்துலயே கீறல் விழுந்துடும். கேமை வெக்கும்போது லோப் மூக்கு ரெண்டும் ராக்கரை விட்டு விலகி பிஸ்டன் பக்கம் பாக்கற மாதிரி வெச்சு, செயினைக் கோத்து ஸ்ப்ராக்கெட்டை ஏத்தினேன். ஓ மார்க் வெட்டுக்கு நேரா, டி மார்க் கோட்டுக்கு நேரா. போல்ட் போட்டேன். மனசுல ஒரு நிம்மதி.

ஆனா முடிக்கறதுக்கு முன்னாடி கையால ரெண்டு முழு சுத்து சுத்தி மறுபடி மார்க் பாக்கணும்னு மேனுவல்ல இருந்துச்சு. பிளக் கழட்டி இருக்கறதால லேசா சுத்தும். மெதுவா சுத்திட்டு டி மார்க்கை கோட்டுக்குக் கொண்டு வந்து மேல பாத்தா ஓ மார்க் வெட்டை விட்டு ஒரு பல்லு தள்ளி நிக்குது. ஏன்னு ரொம்ப நேரம் புரியல. அப்புறம் நெயில் பாலிஷ் பொட்டைப் பாத்தேன், செயின்ல வெச்ச பொட்டும் ஸ்ப்ராக்கெட் பொட்டும் ஒரு பல்லு வித்தியாசத்துல இருந்துச்சு. நடந்தது என்னன்னா, செயினோட இழுபடற பக்கத்துல தொய்வு இருந்திருக்கு, மாட்டும்போது பாக்க மார்க் நேரா இருக்கற மாதிரிதான் தெரிஞ்சுது, எஞ்சின் சுத்த ஆரம்பிச்சதும் டென்ஷனர் (செயினைத் தள்ளி விறைப்பா வெக்கறது) தொய்வை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கிச்சு, அப்பதான் உண்மையான நிலை வெளிய வந்துச்சு. அதனால ஸ்ப்ராக்கெட் மாட்டும்போது டென்ஷனர் இல்லாத பக்கத்து செயின் விறைப்பா இருக்கணும், தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் இருக்கணும். ஒரு பல்லு தப்பினா வண்டி ஸ்டார்ட் கூட ஆகும், ஆனா இழுக்காது, வெடிக்கும், சூடாகும், அப்ப நீங்க மறுபடி கார்புரேட்டரைத் திட்டிட்டு இருப்பீங்க. இன்னும் அதிகமா தப்பினா வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சிடும். கையால சுத்தும்போது எங்கயாவது கெட்டியா முட்டினா அங்கயே நிறுத்துங்க, பலம் குடுத்துத் தாண்டாதீங்க.

போல்ட்டை மறுபடி கழட்டி, இந்த தடவை துணிய நூல் கட்டி அடைச்சு, ஒரு பல்லு மாத்தி மாட்டி, ரெண்டு சுத்து இல்ல, எட்டு சுத்து சுத்திப் பாத்தேன். ஒவ்வொரு ரெண்டாவது சுத்துக்கும் ரெண்டு மார்க்கும் கோடு போட்ட மாதிரி வந்து நின்னுச்சு. போல்ட் எல்லாம் சின்ன 6 மில்லி மரைதான், 10 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும், பலசாலித்தனம் காட்டினா உடைஞ்சு உள்ளயே நின்னுடும். டார்க் ரெஞ்ச் பக்கத்துத் தெரு ஏசி மெக்கானிக் அண்ணன்கிட்ட ஒரு நாளைக்கு வாங்கிட்டு வந்தேன்.

டாப்பெட் ரெண்டுக்கும் 0.05 மில்லி வெச்சேன், உங்க மாடலுக்கு என்ன அளவுன்னு உங்க மேனுவல்ல பாத்துக்கோங்க. ஃபீலர் கேஜ் தாள் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) உள்ள போய் வரும்போது லேசா பிடிச்ச மாதிரி இருக்கணும், நோட்டுப் புஸ்தகத்துக்குள்ள இருந்து ஒரு பேப்பரை உருவற மாதிரி. லாக் நட்டு டைட் பண்ணும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பும், அதனால டைட் பண்ண பிறகு மறுபடி கேஜ் விட்டுப் பாக்கணும், எனக்கு எக்ஸாஸ்ட்டுக்கு அஞ்சு தடவை ஆச்சு. சத்தம் வரக்கூடாதுன்னு ஒரேயடியா டைட்டா வெக்கறது தப்பு, சூடானா வால்வு முழுசா மூடாம சீட்டு எரிஞ்சிடும். கொஞ்சம் சத்தம் இருந்தா தப்பில்ல, சத்தமே இல்லாத டாப்பெட்தான் பயப்பட வேண்டியது.

எல்லாம் மூடி, புது ஆயில் ஊத்தி, பிளக் மாட்டாம கிக்கரை ஒரு இருபது தடவை மெதுவா அடிச்சேன், ஆயில் மேல ஏறட்டும்னு. அப்புறம் பிளக் போட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். நீங்களே அடிங்கப்பான்னு சொன்னேன். ரெண்டாவது கிக்குல பிடிச்சுது. சத்தம் இல்ல. அதாவது எஞ்சின் சத்தம் மட்டும், அந்த டக் டக் இல்ல. அவர் ஆக்சிலேட்டரை லேசா முறுக்கி விட்டு விட்டுக் கேட்டுட்டே நின்னார். நான் கீழ உக்காந்து மேல் டாப்பெட் மூடியத் திறந்து பாத்தேன், ஐட்லிங்லயே உள்ள ஆயில் தெறிச்சு பளபளன்னு நனைஞ்சிருந்துச்சு. இதைக் கட்டாயம் பாருங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள மேல ஆயில் தெரியலன்னா உடனே ஆஃப் பண்ணிடுங்க.

முதல் 500 கிலோமீட்டர் 50க்கு மேல போகல, ஆக்சிலேட்டரை ஒரே நிலைல பிடிக்காம ஏத்தி இறக்கி ஓட்டினேன். நூறு கிலோமீட்டர்ல டாப்பெட் மறுபடி பாத்தேன், எக்ஸாஸ்ட் கொஞ்சம் மாறியிருந்துச்சு, செட் பண்ணேன், அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் மாறல. 500ல ஆயில் மாத்தினேன், ரெண்டாவது டப்பா அதுக்குத்தான். புதுசு ஒண்ணோட ஒண்ணு உரசிப் படியும்போது வர்ற பொடி எல்லாம் அந்த முதல் ஆயில்லதான் இருக்கும். வடிச்ச ஆயிலை வெள்ளைத் தட்டுல ஊத்தி வெயில்ல சாய்ச்சுப் பாத்தேன், லேசா மினுமினுப்பு இருந்துச்சு. அதுக்கு அடுத்த மாத்தல்ல சுத்தமா இல்ல.

போன வாரம் அப்பாவும் அம்மாவும் கிண்டி போய்ட்டு வந்தாங்க. கத்திப்பாரால மூணாவது கியர்லயே ஏறுச்சுன்னு வந்ததும் வராததுமா அம்மாதான் சொன்னாங்க. பழைய கேம் இப்ப டிவி பக்கத்துல ஷோகேஸ்ல இருக்கு, அப்பா வெச்சது. ஹால்ல தொங்கற தினசரி காலண்டர் அட்டைல ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் டிப் ஸ்டிக் பாத்தா அவர் கையெழுத்துல ஒரு டிக் விழுது. அடுத்த ஆயில் இந்த ஞாயித்துக்கிழமை, 17 ஸ்பேனரும் புது வாஷரும் எடுத்து வெச்சாச்சு.